தேரிக்காட்டு ஊரில் ஓர் ஏல நாள்

தெருவில் பாதிக்குப் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் இடையில், செம்மணல் தேரியை ஒட்டி ஒதுங்கியிருக்கும் சின்ன ஊர். பெயர் போட வேண்டாம் என்று சபைக் கமிட்டியார் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அங்கே அறுப்பின் பண்டிகை. அதைப் பார்க்கத்தான் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியபோது சபை ஊழியர் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். கேரியரில் ஒரு நீள நோட்டு. "நான் வீடு சந்திக்கப் போறேன் சார். நீங்களும் கூட வாங்க. பண்டிகைய நாளைக்குப் பாக்கலாம், சபைய இன்னைக்கே பாத்துருங்க" என்றார்.

பூட்டிய வீடுகளை அவர் ஊர்ப் பெயரால்தான் சொல்லிக்கொண்டு வந்தார். "இது திருப்பூரு. இது தாராவி. அந்த மாடி வீடு மஸ்கட்டு." கிறிஸ்மஸுக்கும், அசனம் என்கிற கோயில் விருந்துக்கும் மட்டும் திறக்கிற கதவுகள். ஆனால் இந்த வீடுகளிலிருந்து சங்கக் காணிக்கை மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. பிள்ளைகளின் கல்யாண ஓலையை இந்தக் கோயிலில்தான் வாசிக்க வேண்டும், கடைசியில் இந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான் படுக்க வேண்டும் என்று வெளியூர்க்காரர்களுக்கு ஒரு பிடிவாதம். கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் சபை நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் பார்த்தால் வேறு கதை.

நோட்டை வாங்கிப் புரட்டினேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம் எல்லாம் மையில். ஓரத்தில் மட்டும் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளிகள். போன ஞாயிறு கோயிலுக்கு வராதவர்களுக்கு ஒரு புள்ளியாம். "ரெண்டு வாரம் வரலன்னா உடம்பு சரியில்லன்னு அர்த்தம் சார். மூணாவது வாரமும் வரலன்னா மனசு சரியில்ல." மூன்று புள்ளி விழுந்த வீடுகளுக்குத்தான் சனிக்கிழமை சைக்கிள் போகிறது. திருமண்டல அலுவலகத்துக்குப் போகிற எந்தப் படிவத்திலும் இந்தப் பென்சில் புள்ளிக்குக் கட்டம் கிடையாது.

ஒரு வீட்டு வாசலில் நின்று, உள்ளே போகாமலே திரும்பினார். அந்த வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். சபைத் தேர்தலில் தோற்ற அணி. அதன்பிறகு பல மாதமாகக் கோயில் பக்கமே எட்டிப் பார்க்காமல் இருந்து, இன்றைக்குத்தான் திரும்ப வந்திருக்கிறாராம். இந்தத் தேர்தல்களைப் பற்றி வெளியாளுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ஊருக்குக் கமிட்டி, பல ஊருக்குச் சேகரம், அதற்கு மேல் திருமண்டலம் என்று மூன்று அடுக்கு. அணி பிரிந்துவிட்டால் அண்ணன் தம்பி கூடப் பேசிக்கொள்ள மாட்டார்கள். நான் பிறந்து வளர்ந்த சேகரத்திலும் இதே வியாதிதான். பத்து வருஷம் ஊழியம் செய்து சேர்த்ததை ஒரு தேர்தல் ஒரே மாதத்தில் கலைத்துவிடும்.

"இவர எப்படித்தான் திரும்பக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

"கோயிலுக்கு வாங்கன்னு நான் சொல்லவே இல்ல. கோயில் மைக்கு கொரகொரங்குது அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை பண்டிகை, வேற யாரக் கூப்பிடன்னு தெரியலன்னேன். காலைல அஞ்சு மணிக்கே ஸ்க்ரூ டிரைவரோட வந்துட்டாரு. இப்பவும் கோயில்லதான் ஒயர் இழுத்துக்கிட்டிருக்காரு. அதான் வீட்ல ஆள் இல்ல."

இந்த ஊர்த் தெருக்கள் நூல் பிடித்தாற்போல நேராக இருப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்களானவர்களைச் சொந்த ஊரில் இருக்க விடாமல் விரட்டிய காலம் ஒன்று இருந்தது. அப்படி விரட்டப்பட்டவர்களுக்காக 1799-ல் தாவீது சுந்தரானந்தம் நிலம் வாங்கி உருவாக்கிய முதல் ஊர்தான் முதலூர். அடுத்த தலைமுறையில் பாளையங்கோட்டையில் இருந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் 1830-ல் தர்ம சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தினார். அதன் வேலையே நிலம் வாங்கி, இப்படி நேர்த் தெருக்களோடு ஊர் அமைப்பதுதான். சுவிசேஷபுரம், கடாட்சபுரம், மெஞ்ஞானபுரம், கிறிஸ்தியாநகரம் என்று இந்த வட்டாரத்து ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனால் பாதி ஜெபம் முடிந்த மாதிரி. கூடிவந்த ஜனத்துக்கு முதலில் தேவைப்பட்டது படுக்க இடமும் தண்ணீருக்குக் கிணறும். கோயில் ஓலைக் கொட்டகையாக இருந்தது. 192 அடி உயரமென்று சொல்லப்படும் மெஞ்ஞானபுரத்துக் கோபுரம் பனைமரங்களுக்கு மேலே தலை தூக்கியது பிற்பாடு. இன்றைக்குப் பல சபைகளில் 'வளர்ச்சிப் பணி' என்று ரசீது அடித்தாலே அது கோபுரம்தான், இல்லாவிட்டால் டைல்ஸ்.

ஊர்க் கடைசியில் தகரக் கொட்டகை போட்ட ஒரு ஜெபவீடு. பெந்தெகொஸ்தே சபை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு நம் சபைக் குடும்பங்களும் அங்கே போவது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. ஊழியரிடம் கேட்டேன். சைக்கிளை நிறுத்தி யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு அம்மாவுக்கு ஆஸ்பத்திரில ஆபரேஷன். அந்தப் பாஸ்டர் பஸ் ஏறிப் போய்ப் பக்கத்துல உக்காந்து ஜெபம் பண்ணிட்டு வந்தாரு. நம்ம ஐயருக்கு அன்னைக்கு ரெண்டு அடக்கம், ஒரு கல்யாணம். போறவங்கள நான் எப்படி குத்தம் சொல்ல?"

ஐயர் என்று அவர் சொன்னது சேகர குருவானவரை. இந்தப் பக்கத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். ஒரு சேகரம் என்றால் பல ஊர்ச் சபைகள், எல்லாவற்றுக்கும் ஒரே குருவானவர். திருவிருந்து உள்ள ஞாயிறுகளில்தான் அவர் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஊழியரோ, கமிட்டியில் வாசிக்கத் தெரிந்த யாரோ ஆராதனை நடத்த வேண்டும். குறை என்றுதான் இதை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குருவானவர் வராத ஞாயிறுகள்தான் இந்த ஊரில் நாலு பேருக்கு வேத பாடம் வாசிக்கவும், ரெண்டு பேருக்குப் பிரசங்கம் செய்யவும் கற்றுக்கொடுத்திருக்கின்றன. அவர்களில் ஒருவர் வாழை வியாபாரி. எட்டாம் வகுப்பு வரைதான் படிப்பு.

இருட்டியதும் வீட்டு ஜெபம். வாரம் ஒரு தெரு, தெருவில் ஒரு வீடு என்று முறை வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஒரு பாட்டி வீட்டு முறை. தனியாக இருக்கிறவர். முற்றத்தில் பாய் விரித்து, பக்கத்து வீட்டு டியூப் லைட்டை ஒயர் போட்டு இழுத்திருந்தார்கள். கீர்த்தனை ஒன்று பாடினார்கள். சுருதி ஆளுக்கொரு பக்கம் போனது, யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அப்புறம் ஜெப விண்ணப்பங்கள். மூட்டு வலி. விசா. பிளஸ் டூ ரிசல்ட். சண்டை போட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட மகள். கடைசி விண்ணப்பத்தைச் சொன்ன அம்மாள் பாதியில் நிறுத்திவிட்டார். ஊழியர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அதையும் சேர்த்து, பெயர் சொல்லாமல் ஜெபித்து முடித்தார். இது பழக்கத்தில் வருகிற நாகரிகம். எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் இதைச் சொல்லித்தர முடியுமா தெரியவில்லை.

கருப்பட்டிக் காப்பி வாங்கிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனபோது, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. மூடியில் சிலுவை கீறியிருந்தது. கைப்பிடி அரிசி. உலை வைக்க அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து இந்த டின்னில் போட வேண்டும். மாதக் கடைசியில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வீடு வீடாக வந்து கொட்டிக்கொண்டு போவார்கள். பொன்னி அரிசி, புழுங்கல், ரேஷன் அரிசி, பெரிய வீட்டுப் பிரியாணி அரிசி எல்லாம் ஒரே சாக்கில். அப்படிக் கலந்ததைச் சோறாக வடித்தால் ஒன்று குழையும், ஒன்று விறைக்கும். அதனால் ஊரில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்காதான் எப்போதும் மொத்தமாக வாங்கிக்கொள்வார். "மாவா அரைச்சிட்டா எந்த வீட்டு அரிசின்னு யாருக்குத் தெரியும்?" என்று பாட்டி சிரித்தார்.

இப்போது டின் வைத்திருக்கும் வீடுகள் குறைந்துவிட்டன. பொருளாளர் ஜிபே அட்டையை அடித்துக் கோயில் வாசலில் ஒட்டிவிட்டார். அதில்தான் பணம் அதிகம் வருகிறது என்று கணக்கும் காட்டுகிறார். உண்மைதான். ஆனால் மாதம் ஒருமுறை போனை நீட்டுகிறவருக்குச் சபை மாதம் ஒருமுறை ஞாபகம் வருகிறது. இந்தப் பாட்டிக்கு உலை கொதிக்கும்போதெல்லாம் வருகிறது.

இதுபோன்ற கிராமத்துக் காணிக்கைகளின் பலத்தில்தான் 1903 பிப்ரவரியில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. வெள்ளைக்காரர் பணமும் வேண்டாம், வெள்ளைக்கார மிஷனரியும் வேண்டாம், நம்மவர் காணிக்கையில் நம்மவரையே அனுப்புவோம் என்று கிளம்பியவர்களில் முன்னால் நின்றவர் வே. சா. அசரியா. இங்கிருந்து அதிக தூரமில்லாத வெள்ளாளன்விளையில் பிறந்தவர். நைஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல்லுக்கு, மொழி தெரியாத தெலுங்கு நாட்டுக்கு, பனங்காட்டு ஜனங்கள் மிஷனரிகளை அனுப்பினார்கள். 1912-ல் அசரியா அங்கேயே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். சொந்தக் கோயிலுக்கு ஓடு மாற்ற வழியில்லாத காலத்தில் அடுத்த சீமைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். புத்தி கெட்ட காரியம் என்று அன்றைக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் இந்தச் சபைகள் தங்களைப் பிச்சை வாங்குகிற சபைகளாக நினைப்பதை விட்டது அதற்குப் பிறகுதான் என்பது என் எண்ணம்.

ஞாயிறு விடியலில் முதல் மணி அடித்தபோதே கோயில் வாசலில் குலை தள்ளிய வாழை கட்டியாகிவிட்டது. உள்ளே பீடத்துக்கு முன்னால் காணிக்கைகள் குவிந்துகொண்டிருந்தன. முருங்கைக்காய்க் கட்டுகள், தேங்காய், ஓலைக் கொட்டானில் கருப்பட்டி, பூசணி, ஒரு தாம்பாளம் நிறைய முறுக்கு, கால் கட்டிய சேவல்கள். ஆட்டுக்குட்டி ஒன்றை வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். எலக்ட்ரீஷியன் மைக் ஸ்டாண்டைத் தட்டிப் பார்த்தார். கொரகொரப்பு இல்லை. ஆராதனை தொடங்கியபின் அவர் பெஞ்சில் வந்து உட்காரவில்லை, ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே நின்றுகொண்டார். நின்றபடியே பாமாலை பாடினார். புத்தகம் பார்க்கவில்லை.

ஐயர் பக்கத்து ஊரில் முதல் ஆராதனை முடித்துவிட்டு பைக்கில் வந்து சேர்ந்தார். பிரசங்கம் பதினைந்து நிமிஷத்துக்குள் முடிந்தது. வயலின் ஓரங்களை முழுக்க அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்ற லேவியராகமக் கட்டளையை எடுத்துக்கொண்டார். போவாஸின் வயலில் கதிர் பொறுக்கிய ரூத், அந்நிய ஜாதிப் பெண் என்பதை இரண்டு தரம் அழுத்திச் சொன்னார். இங்கே அதைச் சொல்ல வேண்டிய காரணம் இருக்கிறது. ரேனியஸ் தம் பள்ளியில் எல்லாச் சாதி மாணவரும் ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும் என்று மல்லுக்கு நின்றவர். இருநூறு வருஷம் ஆகப்போகிறது, இன்னமும் பல சேகரங்களில் எந்தத் தெருக்காரர் எந்தக் கோயிலுக்குப் போவார் என்பதைச் சாதிதான் தீர்மானிக்கிறது. இந்த ஊர்க் கமிட்டியில் ஒரே சாதிக்காரர்கள்தான். பக்கத்துக் காலனியில் நாலைந்து கிறிஸ்தவக் குடும்பங்கள். அவர்கள் வருகிறார்கள், ஆனால் பின் பெஞ்சுக்கு. வாலிபர் ஐக்கியத்தில் கீபோர்டு வாசிக்கும் பையன் அந்தக் காலனிக்காரன் என்பதை மட்டும் முன்னேற்றம் என்று சொல்லலாம். சபை வளர்ச்சி பற்றிய எந்தக் கருத்தரங்கிலும் இந்தப் பின் பெஞ்சு பேசப்பட்டு நான் கேட்டதில்லை.

ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் அந்தக் காணிக்கைகளின் ஏலம். நான் போனதே இதற்காகத்தான், ஏமாறவில்லை.

ஏலம் விட்டவர் ஓய்வுபெற்ற வாத்தியார். முதலில் ஒரு சின்னப் பெண் கொண்டுவந்த எலுமிச்சம்பழம். ஐந்து ரூபாயில் ஆரம்பித்து நூறில் போனது. எடுத்தவர் அதை அப்படியே திருப்பிக் கொடுத்து, "மறுபடியும் ஏலத்துக்கே விடுங்க சார்" என்றார். இன்னும் மூன்று கை மாறியது அந்தப் பழம். ஒவ்வொரு கைக்கும் பணம் எழுதப்பட்டது. கடைசியில் எடுத்தவர் அதைக் கொண்டுவந்த பெண்ணிடமே கொடுத்துவிட்டார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, பழத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

முருங்கைக்காய்க் கட்டு வந்தபோது ஒருவர் போனை உயர்த்திப் பிடித்தார். வீடியோ காலில் மஸ்கட். "மச்சான் ஐநூறுங்கான்!" இந்தப் பக்கத்திலிருந்து மஸ்கட்காரருடைய சொந்தத் தம்பியே அறுநூறு என்றான். சிரிப்பும் கூச்சலுமாக அது ரெண்டாயிரத்தைத் தாண்டியது. சேவலைக் கடைசிவரை விடாமல் கேட்டு எடுத்தவர் மெயின் ரோட்டு மளிகைக் கடைக்காரர். நெற்றியில் விபூதி. வருஷா வருஷம் வருவாராம். "அண்ணாச்சி இல்லாம ஏலமே களை கட்டாது" என்றார்கள்.

முட்டைத் தட்டு வந்தது. ஓரத்தில் நின்ற ஓர் அம்மாள், வெளிறிய சேலை, தயங்கித் தயங்கி, "அறுபது" என்றார். யாரோ வாயைத் திறப்பதற்குள் வாத்தியார் "அறுபது ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம்" என்று ஒரே மூச்சில் முடித்துத் தட்டை நீட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. முருங்கைக்கு அரைமணி நேரம் இழுத்த அதே வாத்தியார். யாரிடம் இழுக்க வேண்டும், யாருக்குச் சட்டென்று முடிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அம்மாள் வாங்கிய முட்டைக்கும் நோட்டில் பெயர் ஏறியது, மஸ்கட்காரர் பெயருக்கு அடுத்த வரியில்.

வெயில் ஏறியபின் கமிட்டி கோயிலுக்குள் பாயில் உட்கார்ந்தது. ஐயர் நடுவில். பணம் எண்ணி ரப்பர் பேண்ட் போட்டு முடிப்பதற்குள் சண்டை ஆரம்பமாகிவிட்டது. மெயின் ரோட்டில் கோயிலுக்கு ஆர்ச் கட்ட வேண்டும் என்று ஒரு கட்சி. பக்கத்து ஊர்க் கோயிலுக்குக் கட்டிவிட்டார்கள், நமக்கு இல்லை. வளைகுடாவில் இருக்கும் ஒருவர் பெரும் பங்கைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், தகப்பனார் பெயரைப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

வாலிபர் ஐக்கியச் செயலாளர், பி.காம். முடித்த பெண், எழுந்து பேசினாள். சும்மா கிடக்கும் பழைய பள்ளிக் கட்டடத்தைச் சுத்தம் செய்து, சாயங்காலம் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் இலவச டியூஷன் நடத்த வேண்டும், பெஞ்சும் ஃபேனும் வேண்டும் என்றாள். "காலனிப் பிள்ளைங்களும் மளிகைக் கடை அண்ணாச்சி பேரப்பிள்ளைங்களும் வரட்டும்." அந்தக் கட்டடத்தில்தான் தாத்தாக்கள் காலத்தில் பகலில் பள்ளியும் ஞாயிற்றில் ஆராதனையும் நடந்திருக்கின்றன. இந்த வட்டாரத்துச் சபைகள் முளைத்ததே அப்படித்தான். பக்கத்து நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் 1878-ல் கலைத்தொழிற்பள்ளி தொடங்கியபோதும், பையன்களுக்குக் கைத்தொழில் கிடைத்தால் குடும்பமே நிமிரும் என்ற கணக்குதான். கமிட்டியில் யாரும் மர்காஷிஸைச் சொல்லவில்லை. "டியூஷனுக்கு யாரும்மா சொல்லிக் குடுப்பா?" என்றுதான் கேட்டார்கள். ஏலம் விட்ட வாத்தியார் கையைத் தூக்கினார். கணக்கு மட்டும் தன்னால் முடியாது என்றார். கீபோர்டு பையன் கணக்குப் பார்த்துக்கொள்வான் என்றாள் அந்தப் பெண். அவன் கமிட்டியில் இல்லை. வெளியே எலக்ட்ரீஷியனோடு சேர்ந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பாய் ஓரத்தில் சும்மா ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தவனை ஐயர் தன் பக்கத்துக்கு வரச் சொன்னார்.

ஆர்ச் கட்சி விடவில்லை. கடைசியில் ஏலப் பணத்தில் பெஞ்சும் ஃபேனும், ஆர்ச்சுக்கு வளைகுடாக்காரர் பணம் என்று ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். அப்போது பெண்கள் சங்கத் தலைவி கேட்டார்: "அவர் பேர் போடாமத் தருவாரான்னு கேட்டா என்ன? அந்தப் பணத்தையும் பிள்ளைகளுக்கே வச்சிரலாமே." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நல்ல யோசனை என்று ஐயர் சொன்னார். நல்ல யோசனைதான் என்று பொருளாளரும் சொன்னார். போன் போட்டு அவரிடம் கேட்பது யார் என்பதில் மட்டும் முடிவாகவில்லை. அடுத்த கமிட்டிக்குத் தள்ளி வைத்து, மினிட் புத்தகத்தில் அப்படியே எழுதிக்கொண்டு சாப்பிடப் போனோம்.